தகவலியலை எங்கே கற்பிப்பது? செவிலியர் கல்லூரிகளுக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

செவிலியர் கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தகவலியலைக் கற்பிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. எங்கே, எப்படி என்பதில்தான் திணறல். தனிப் பாடமாக வைப்பதா? இருக்கிற பாடங்களுக்குள் கலப்பதா? பயிற்சி மென்பொருள் வாங்கி ஆய்வகம் அமைப்பதா? வேலைக்குச் சேர்ந்த பிறகு மருத்துவமனையே கற்றுக்கொடுக்கட்டும் என்று விட்டுவிடுவதா? நான்குக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நான்குக்கும் கணக்கில் எழுதப்படாத செலவும் இருக்கிறது.

கணினி இயக்கத் தெரிந்தால் தகவலியல் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்போடு தொடங்கினால் எந்த வழியும் தோற்கும். 1989-இல் ஜூடித் கிரேவ்ஸும் ஷீலா கோர்கோரனும் செவிலியர் தகவலியலைக் கணினி அறிவியல், தகவல் அறிவியல், செவிலியர் அறிவியல் மூன்றும் சேர்ந்த துறை என்று வரையறுத்தார்கள். தரவு, தகவல், அறிவு ஆகிய மூன்றையும் நோயாளிப் பராமரிப்புக்காகக் கையாள்வதே அதன் பணி. நாடித் துடிப்பு 118 என்பது தரவு. காலையில் அது 84 ஆக இருந்தது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, மூச்சு வேகமாகிறது என்று சேர்த்துப் பார்த்தால் தகவல். அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன நோயாளிக்கு இப்படி ஆனால் உள்ளே ரத்தம் கசியலாம் என்று உணர்ந்து மருத்துவரை அழைப்பது அறிவு. கிரிமியப் போரில் காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே படைவீரர்களை அதிகம் கொன்றன என்பதை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் மாதவாரி வரைபடமாக்கிக் காட்டினார். அவரிடம் கணினி இல்லை. அவர் செய்தது தகவலியல்.

இது எவ்வளவு தூரம் உயிர் சம்பந்தப்பட்டது என்பதற்கு மருந்துப் பார்கோடு நல்ல சான்று. 2010-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில், பார்கோடு ஸ்கேன் செய்து மருந்து கொடுக்கும் முறையில், நேரம் தவறியவை நீங்கலான மருந்துத் தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்திருந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ராஸ் கோப்பெல் குழுவினர் இதே தொழில்நுட்பம் மருத்துவமனைகளில் எப்படிப் புழங்குகிறது என்று கவனித்து, அதைச் சுற்றிப்போகும் 15 வகைக் குறுக்கு வழிகளைப் பதிவு செய்தார்கள். நோயாளியின் கைப்பட்டையை விட்டுவிட்டு, அதன் நகலைக் கதவுச் சட்டத்திலோ வண்டியிலோ ஒட்டிவைத்து ஸ்கேன் செய்வது அவற்றில் ஒன்று. செவிலியரின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தீர்ந்துபோன பேட்டரி, ஸ்கேனரால் படிக்க முடியாத பார்கோடு, வேலை செய்யாத ஸ்கேனர், விட்டுவிட்டு வரும் வைஃபை என்று 31 காரணங்களை அதே குழு அடையாளம் கண்டது. ஸ்கேனரை அழுத்த மட்டுமே தெரிந்த செவிலியர், அது மக்கர் செய்யும்போது குறுக்கு வழியைத் தேடுவார். அந்த ஸ்கேன் எந்தத் தவறைத் தடுக்கிறது என்று தெரிந்தவர், அதைச் சரிசெய்து தரச் சொல்லி மேலிடத்தோடு மல்லுக்கு நிற்பார். இரண்டாமவரை உருவாக்குவதே கல்லூரியின் வேலை என்று நம்புகிறேன். கீழே வரும் ஒப்பீடு அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

## எதை வைத்து அளப்பது

கற்றது எவ்வளவு காலம் நிற்கும்? இன்று முதலாண்டு படிப்பவர் பல பத்தாண்டுகள் பணியாற்றுவார். அதற்குள் மென்பொருள் பல முறை மாறிவிடும். திரை மாறினாலும் கையில் மிஞ்சுவது என்ன என்பதே முதல் அளவுகோல்.

நோயாளியின் அருகில் முடிவெடுக்க உதவுகிறதா? திரை சொல்வதை எப்போது நம்புவது, எப்போது சந்தேகிப்பது என்ற திறன் இது. செப்சிஸை, அதாவது தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலையை, முன்கூட்டியே கணிக்கும் ஒரு மென்பொருள் பல மருத்துவமனைகளில் பயன்பாட்டில் இருந்தது. 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தங்கள் நோயாளிகளிடம் சோதித்தபோது, செப்சிஸ் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. எச்சரிக்கை வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாத செவிலியர் நமக்கு வேண்டும்.

தவறு செய்து பார்க்க இடம் உண்டா? யார் கற்பிப்பார்கள்? செலவு என்ன? இந்த மூன்றும் முதலிரண்டுக்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன. ஆனாலும் நடைமுறையில் பல கல்லூரிகள் கடைசிக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன. மென்பொருளின் விலை தெரிந்துவிட்டால் செலவு தெரிந்துவிட்டது என்றும் எண்ணிவிடுகின்றன. ஆசிரியரின் நேரமே இதில் பெரிய செலவு. அது எந்த ரசீதிலும் வராது.

## முதல் வழி: தனிப் பாடம்

தனிப் பாடத்தின் பெரிய பலம், அது நடக்கும் என்ற உறுதி. கால அட்டவணையில் இடம், பெயர் குறிக்கப்பட்ட ஆசிரியர், தேர்வு, மதிப்பெண் எல்லாம் இருக்கும். துறையை முழு உருவமாகப் பார்க்க மாணவர்களுக்கு வேறு வாய்ப்பு கிடைப்பதும் அரிது. ஒரே புண்ணை ஒரு வார்டு 'படுக்கைப் புண்' என்றும் இன்னொரு வார்டு 'அழுத்தப் புண்' என்றும் எழுதினால் கணினியால் எண்ண முடியாது. அதனால்தான் செவிலியர் பணிக்கென்று பொதுச் சொற்களும் வகைப்பாடுகளும் உருவாயின. ஹேரியட் வெர்லியும் நார்மா லாங்கும் 1988-இல் செவிலியர் குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பை, அதாவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பதிய வேண்டிய அடிப்படைத் தகவல்களின் பட்டியலை, முன்வைத்தார்கள். தரவின் கட்டமைப்பு, நோயாளியின் அந்தரங்கம், சட்டப் பொறுப்பு போன்றவற்றையும் இப்படி ஓரிடத்தில் வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. பாடத்தைக் கணினித் துறை விரிவுரையாளரிடம் ஒப்படைத்துவிட்டால், அவர் தமக்குத் தெரிந்ததைக் கற்பிப்பார். ஆவணம் தட்டச்சுவது, அட்டவணை போடுவது, படவில்லை தயாரிப்பது என்று பருவம் முடிந்துவிடும். அதில் அவர் மேல் குற்றமில்லை. முதலாண்டின் தொடக்கத்திலேயே வைத்தால் இன்னொரு இழப்பு: நோயாளியையே பார்த்திராத மாணவருக்கு நோயாளிப் பதிவேட்டின் அருமை எப்படிப் புரியும்?

மறைந்த செலவு வேறு மாதிரியானது. தனிப் பாடம் வந்ததும் மற்ற ஆசிரியர்கள் 'அதை அங்கே பார்த்துக்கொள்வார்கள்' என்று கை கழுவிவிடுவார்கள். மருந்தியல் வகுப்பில், மென்பொருள் காட்டும் மருந்து எச்சரிக்கைகளைப் பற்றிய பேச்சே எழாது.

இந்தத் துறையில் முறையாகப் படித்த செவிலிய ஆசிரியர் ஒருவராவது இருக்கும் கல்லூரிக்கும், முதுநிலைப் படிப்புக்கும் இதுவே ஏற்ற வழி.

## இரண்டாம் வழி: எல்லாப் பாடங்களிலும் கலப்பது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். கியூசென் என்று அழைக்கப்படும், செவிலியர் கல்வியில் தரத்தையும் பாதுகாப்பையும் புகுத்த 2005-இல் தொடங்கிய அமெரிக்க முயற்சி, எல்லாச் செவிலியருக்கும் வேண்டிய ஆறு திறன்களில் தகவலியலையும் ஒன்றாக வைத்தது. ஆறில் ஒன்று என்றால் அது ஒரு பருவத்தோடு முடிகிற விஷயமாக இருக்க முடியாது.

ஏன் இது வலுவான வழி என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். பிரிட்டனில் பின்பற்றப்படும் நியூஸ்-2 என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை மருத்துவ-அறுவைச் செவிலியம் வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மதிப்பெண் கூடக் கூட ஆபத்தும் கூடும். கூடுதல் ஆக்சிஜன் தரப்படாத, முழு நினைவோடு இருக்கும் ஒரு நோயாளி. ரத்த ஆக்சிஜன் 95 சதவீதம், அதற்கு 1 மதிப்பெண். நாடி 112, அதற்கு 2. மேல் ரத்த அழுத்தம் 118, வெப்பநிலை 38.0, இரண்டுக்கும் 0. மூச்சு நிமிடத்துக்கு 24, அதற்கு 2. மொத்தம் 5. இந்த முறைப்படி 5 என்பது உடனடியாக மருத்துவக் குழுவை அழைக்க வேண்டிய எல்லை. இப்போது செவிலியர் மூச்சை எண்ணாமல், வழக்கம்போல் 20 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-க்கு மதிப்பெண் 0. மொத்தம் 3. யாரும் ஓடி வரமாட்டார்கள். மென்பொருள் சரியாகக் கூட்டியது, கொடுத்த எண்தான் பொய். இதைவிடத் தெளிவாகத் தரவின் தரத்தைக் கற்பிக்க எந்தக் கணினி வகுப்பாலும் முடியாது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

மற்ற பாடங்களிலும் இப்படி விதைகள் கிடக்கின்றன. மகப்பேற்றுச் செவிலியத்தில், பிரசவம் முன்னேறுவதைக் கோடாக வரைந்து காட்டும் பார்டோகிராஃப் என்ற தாள் இருக்கிறது. 1972-இல் ஃபில்பாட்டும் காஸிலும் அதில் எச்சரிக்கைக் கோட்டையும் நடவடிக்கைக் கோட்டையும் சேர்த்தார்கள். பதிவு செய்யும் தாளே 'இப்போது பார்' என்று சொல்லும்படி ஆனது. முடிவெடுக்க உதவும் கருவி என்று நாம் இன்று கணினியில் அழைப்பது அதைத்தான். மருந்தியலில் எச்சரிக்கைச் சோர்வை, அதாவது ஓயாமல் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்துப் பொருட்படுத்தாமல் விடுவதை, பேசலாம். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை புறந்தள்ளப்படுகின்றன என்று 2006-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அடிப்படைச் செவிலியத்தில், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானிட்டர் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்ற 2020 ஆய்வைச் சொல்லிக்கொடுக்கலாம். கருவியின் எண்ணும் ஓர் அளவீடுதான், அதற்கும் பிழை உண்டு என்பது முதலாண்டிலேயே பதிந்துவிடும்.

மாணவர்களை ஊக்கப்படுத்த எனக்குப் பிடித்த இன்னொரு சான்றும் உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, செவிலியர்கள் கட்டாயமில்லாத குறிப்புகளைக் கூடுதலாக எழுதிய, கூடுதல் முறை அளவீடு எடுத்த நோயாளிகளே இறக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களாக இருந்தார்கள் என்று கண்டது. செவிலியரின் மனதில் எழுந்த கவலை, வாய்விட்டுச் சொல்லும் முன்பே பதிவேட்டில் தடம் விட்டிருந்தது. பதிவு எழுதுவது வெறும் எழுத்தர் வேலை என்று நினைக்கும் மாணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி இதன் குறைகள். எல்லோருக்கும் பொதுவான பொறுப்பு யாருக்கும் இல்லாத பொறுப்பாகிவிடும். ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். பாடம் முடிக்கும் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இதுவாகத்தான் இருக்கும். ஆசிரியர்களில் பலர் காகிதக் காலத்தில் பயின்றவர்கள். அவர்களைத் தயார்ப்படுத்த நேரம் ஒதுக்க வேண்டும். எந்தப் பாடத்தில் எந்தத் திறன் என்று வரைபடம் போட்டு, ஒன்றே திரும்ப வராமலும் ஒன்று விடுபடாமலும் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. அவருக்கு வகுப்புச் சுமையைக் குறைக்காமல் இந்த வேலையைக் கொடுத்தால் ஓராண்டில் ஓய்ந்துவிடுவார். இதுதான் இந்த வழியின் மறைந்த செலவு.

ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஆசிரியர் குழுவும், பின்னின்று கேள்வி கேட்கும் முதல்வரும் உள்ள கல்லூரிக்கு இதற்கு இணையான வழி இல்லை.

## மூன்றாம் வழி: பயிற்சி மின்பதிவேடு

கற்பனை நோயாளிகள் நிறைந்த மின்னணுப் பதிவேட்டை ஆய்வகத்தில் வைத்து, மாணவர்களை அதில் பணியாற்ற வைப்பது. தவறு செய்து கற்க இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஒவ்வாமை தவறாகப் பதிவான நோயாளி, முந்தைய நாள் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டியதால் எடுக்கப்பட்டுவிட்ட சிறுநீர்க் குழாய் இன்னும் இருப்பதாகக் காட்டும் பதிவு, கிலோவுக்குப் பதில் பவுண்டில் ஏற்றப்பட்ட எடை என்று பொறிகளை வைத்து, மாணவர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கலாம். பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரத்தில்தான் உண்மையான கல்வி நடக்கிறது. அதற்கு நேரம் இல்லையென்றால் ஆய்வகம் வெறும் தட்டச்சுக் கூடம்.

செலவைப் பொறுத்தவரை, சந்தா சிறிய பகுதி. நம்பும்படியான நோயாளிக் கதைகளை எழுதுவதும், ஒவ்வொரு பருவமும் அவற்றைப் புதுப்பிப்பதும், மாணவர் கணக்குகளைத் திறந்து மூடுவதும் பெரிய பகுதி. 2004-இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் போன்ற, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறமூல மின்பதிவேட்டு மென்பொருள்கள் இலவசம்தான். ஆனால் சர்வரை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவர் விடுப்பில் போனால் வகுப்பு நின்றுவிடும். பயிற்சித் திரையும் மருத்துவமனைத் திரையும் ஒன்றாக இருக்காதே என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. ஒரே திரைக்குப் பழகியவரைவிட, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அறிந்தவர்தான் வேகமாக மாறிக்கொள்வார்.

கணினியே நின்றுபோன நாளையும் இங்கே ஒத்திகை பார்க்க வேண்டும். 2017 மே மாதம், கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை இணையத் தாக்குதலில் பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பல பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்ப நேர்ந்தது. பயிற்சியின் நடுவே திரையை அணைத்துவிட்டு, 'அடுத்த டோஸ் எப்போது?' என்று கேளுங்கள்.

மருத்துவமனைகளில் மாணவருக்குப் பதிவேட்டைத் தொட அனுமதி கிடைக்காத இடங்களில் இந்த வழி கிட்டத்தட்டக் கட்டாயமாகிவிடுகிறது.

## நான்காம் வழி: மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்ளட்டும்

கல்லூரிக்குச் செலவே இல்லாத வழி என்பதால் பலர் இதில் வந்து நிற்கிறார்கள். உண்மையான நோயாளி, உண்மையான அவசரம், நடுவில் ஒலிக்கும் தொலைபேசி எல்லாம் இங்கே உண்டு. புதிய மென்பொருள் புகுத்தப்படும் வார்டில், ஏற்கெனவே பணியில் இருக்கும் செவிலியருக்கு இதுவே சரியான முறை. நன்கு பயின்ற சக செவிலியர் ஒருவர் முதல் வாரங்களில் ஷிப்டுதோறும் பக்கத்தில் நின்றால், வகுப்பறையில் கேட்ட விளக்கத்தைவிட அது பயன் தரும்.

மாணவருக்கு இதை மட்டுமே தருவது அநியாயம் என்பது என் கருத்து. மென்பொருள் நிறுவனத்தின் பயிற்சியாளர் பொத்தான்களைக் காட்டிவிட்டுப் போவார். மாணவருக்குத் தனி லாகின் இருக்காது. மூத்தவரின் கடவுச்சொல்லை வாங்கிப் பயன்படுத்துவார். அப்படியானால் தகவல் பாதுகாப்பைப் பற்றி அவர் கற்கும் முதல் பாடமே அதை மீறுவதாகிவிடுகிறது. அடுத்து, மேலே சொன்ன குறுக்கு வழிகள். கதவுச் சட்டத்தில் ஒட்டிய பார்கோடை முதல் நாளே பார்க்கும் மாணவர், வேலை செய்யும் முறையே அதுதான் என்று எடுத்துக்கொள்வார். செலவும் இல்லாமல் இல்லை. அது மூத்த செவிலியரின் நேரத்திலிருந்து, அதாவது நோயாளியின் நேரத்திலிருந்து கழிக்கப்படுகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தனிப் பாடம் | கலந்து கற்பித்தல் | பயிற்சி மின்பதிவேடு | மருத்துவமனையில் |
|---|---|---|---|---|
| மென்பொருள் மாறினாலும் நிற்பது | அதிகம், செவிலியர் கற்பித்தால் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| படுக்கையருகே முடிவெடுத்தல் | குறைவு | மிக அதிகம் | அதிகம் | வழிகாட்டுபவரைப் பொறுத்தது |
| தவறு செய்து பார்க்க இடம் | தாளில் மட்டும் | தாளில் மட்டும் | முழுமையாக | இல்லை |
| ஆசிரியர் தேவை | துறை அறிந்த ஒருவர் | எல்லோரும், கூடவே ஓர் ஒருங்கிணைப்பாளர் | கதை எழுதுபவர், தொழில்நுட்ப உதவியாளர் | வார்டின் மூத்த செவிலியர் |
| மறைந்த செலவு | மற்றவர்கள் கை கழுவுவது | ஒருங்கிணைப்பாளரின் நேரம் | பராமரிப்பும் புதுப்பித்தலும் | வார்டின் நேரம், தவறான பழக்கங்கள் |
| மதிப்பிடும் வசதி | எளிது | கடினம் | எளிது | ஒழுங்கற்றது |

## யார் எதை எடுக்கலாம்

பணமும் இல்லை, துறை அறிந்த ஆசிரியரும் இல்லை என்றால் எல்லாப் பாடங்களையும் ஒரே ஆண்டில் மாற்ற முயல வேண்டாம். இரண்டே பாடங்களை எடுங்கள். மருத்துவ-அறுவைச் செவிலியமும் மருந்தியலும் நல்ல தொடக்கம். ஒவ்வொன்றிலும் இரண்டு வகுப்புகள், தேர்வில் கட்டாயம் ஒரு கேள்வி. தேர்வில் வராத எதுவும் வகுப்பில் நிலைப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் எல்லாரும் அறிவார்கள்.

ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் கிடைத்திருந்தால், குறுகிய தனிப் பாடம் ஒன்றை வைத்து, மாணவர்கள் வார்டுக்குப் போய்வந்த பிறகான பருவத்துக்கு அதைத் தள்ளுங்கள். அவரையே இரண்டாம் வழியின் ஒருங்கிணைப்பாளராகவும் நியமித்து, வேறு வகுப்புகளில் ஒரு பகுதியை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். நான்கு வழிகளில் இரண்டைச் சேர்க்க முடிந்தால் இந்தச் சேர்க்கைக்கே என் வாக்கு.

பணம் இருக்கிறது, மென்பொருள் வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் பத்து நோயாளிக் கதைகளைக் காகிதத்தில் எழுதி ஒரு பருவம் நடத்திப் பார்க்கட்டும். கதை எழுத ஆளில்லாத கல்லூரியில் வாங்கும் மென்பொருள் தூசிதான் படியும்.

எல்லா மாணவரும் தகவலியல் நிபுணராக வேண்டியதில்லை. 2002-இல் நான்சி ஸ்டேகர்ஸ் குழுவினர் தொடக்கநிலைச் செவிலியர், அனுபவமுள்ள செவிலியர், தகவலியல் நிபுணர், புதுமை செய்பவர் என்று நான்கு நிலைகளுக்குத் தனித்தனித் திறன் பட்டியல் தந்தார்கள். இளநிலைப் படிப்பு முதல் நிலையை உறுதியாகக் கொடுத்தால் போதும். நிபுணராக விரும்புபவருக்கு வாசல் வேறு: மேரிலாந்து பல்கலைக்கழகம் 1988-இலேயே இதற்கென முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது, அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1992-இல் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. அந்தப் பாதையை எண்ணுபவர்கள் முதலில் சில ஆண்டுகள் வார்டில் பணியாற்றிவிட்டுப் போவது நல்லது. இரவு ஷிப்டில் மருந்து கொடுத்துப் பழகியவர் வடிவமைக்கும் திரைக்கும், பழகாதவர் வடிவமைக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டை அதைப் பயன்படுத்தும் செவிலியர் முதல் நாளே கண்டுகொள்வார்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாணவரை வார்டுக்கு அனுப்பும் முன் மருத்துவமனையோடு ஒரு விஷயத்தை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மாணவருக்கும் தனி லாகின். பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்தாலும் போதும்.